எடைக்கு எடை நெல்

வானதிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அவள் புருஷன் ராஜ்குமார் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து இறங்கிய மறுநாள் காலை, பூதலூர்ப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுச் சமையல்கட்டில் ஒரு சட்டி பாக்கியில்லாமல் பேசியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பிரகதாம்பாளுக்கு அது கேட்காமல் இல்லை. கேட்டதால்தான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

பிரகதாம்பாள் ராஜ்குமாரின் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் நிலைக்காமல் தாய்வீட்டுக்கே திரும்பி வந்தவள். தாய் தகப்பன் கண்மூடின பிறகு தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கினது அவள்தான். வயல், பத்தாயம், அடுப்பங்கரை எல்லாம் அவள் கையில். தம்பி சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஃபோர்மேன் ஆகிவிட்டான், ஆனாலும் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். வானதி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். கூப்பிடுகிற முறையில் ஒரு குறையும் வைத்ததில்லை.

அன்று காலை, காப்பி ஆறுவதற்குள் அக்காவும் தம்பியும் ஒரு முடிவு பண்ணிவிட்டார்கள். தை மாசத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, ஊர்க் காளியம்மன் கோயில் மண்டபத்தில், வானதியின் மகள் எழில்மொழியைத் தராசில் உட்கார வைத்து எடைக்கு எடை நெல் கொடுப்பது. பெற்றவளிடம் கேட்கவில்லை. இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது செய்தியாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

எழில்மொழிக்குப் பத்து வயசு. கன்னம் உப்பி, கழுத்து மடிந்து, நடந்தால் மூச்சு வாங்குகிற உடம்பு. போன வருஷம் தைத்த சட்டை இந்த வருஷம் கைக்குள் நுழையாது. பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லி அவளைக் கூப்பிடுகிறவர்கள் டீச்சர்கள் மட்டும்தான். அந்தப் பிள்ளையை ஊர் கூடி நிற்கிற மண்டபத்தில், செல்போன்கள் நீட்டிக்கொண்டிருக்க, நெல் மூட்டைக்கு எதிரே தூக்கி வைப்பதா? மனுஷ ஜென்மத்துக்கு இது தோன்றுமா? வானதிக்கு உச்சந்தலை கொதித்தது.

வேண்டுதல் என்னவோ உண்மைதான். எழில்மொழி பிறந்தபோது ஒண்ணே முக்கால் கிலோ. பழந்துணியில் சுருட்டினால் துணிதான் கனக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போது பிரகதாம்பாள் ஈரப்புடவையோடு காளியம்மன் முன்னால் போய் விழுந்து, பிள்ளை பிழைத்து எழுந்தால் எடைக்கு எடை நெல் அளக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஒரு வருஷம் மழை கெடுத்தது, ஒரு வருஷம் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் பங்காளி வீட்டில் சாவு. வேண்டுதல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அதற்குப் பிரகதாம்பாள் இப்போது கண்டுபிடித்திருந்த அர்த்தம்தான் வானதிக்குப் பொறுக்கவில்லை. அம்மனுக்கு அளக்கவேண்டியதை அளக்காமல் வைத்திருக்கிறோமாம். அதனால் அம்மன் வருஷா வருஷம் பிள்ளையின் எடையை ஏற்றிக்கொண்டே போகிறாளாம். நெல்லை அளந்து கொடுத்துவிட்டால் அன்றைக்கே ஏற்றம் நின்று, உடம்பு தன்னால் வடிந்துவிடுமாம். பக்கத்துத் தெருவிலும் எதிர் வீட்டிலும் இதைச் சொல்லி, அவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தார்கள். ஆட்டுவதற்கு அவர்களுக்கு என்ன கஷ்டம்? தராசில் ஏறப்போவது அவர்கள் வீட்டுப் பிள்ளையா?

சரி, அதோடு விட்டாளா? ஊர் முன்னால் ஒண்ணரை சிப்பம் நெல் வைத்தும் தட்டு இறங்காமல் நின்றால் குடும்ப மானம் என்ன ஆவது என்று இன்னொரு கவலை வந்துவிட்டது அவளுக்கு. சிப்பம் என்றால் நாற்பது கிலோ மூட்டை. அந்த நாளைக்குள் பிள்ளையைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். போன லீவில் ராஜ்குமார் வானதிக்கு ஆசையாக ஒரு எலக்ட்ரிக் தராசு வாங்கி வந்திருந்தான், கேக் செய்ய மாவு நிறுக்கிறது. அதை எடுத்து அடுப்பு மேடையில் வைத்து, எழில்மொழியின் சோற்றை நிறுத்துப் போட ஆரம்பித்தாள். காலையில் ஒரு இட்லி. மத்தியானம் பள்ளிக்கூட டப்பாவில் கைப்பிடிச் சோறு. ராத்திரி மோர்.

பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் வானதிக்குத் தாங்காது. தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். இந்தப் பழக்கம் இப்போது வந்ததில்லை. ஒரு கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டபோது, பந்தியில் இருந்த ஒருத்தி, போதும்மா, இலை தாங்காது என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து யார் முகத்தையும் பார்த்து அவள் சாப்பிட்டதில்லை. வானதி பின்னால் நின்று அந்த அகலமான சின்ன முதுகைப் பார்ப்பாள். தனக்குக் கிடைத்ததில் பாதியைக் கொண்டுபோய்த் திருட்டுத்தனமாகப் போடுவாள். பிரகதாம்பாளுக்குத் தெரிந்துவிடும். கடைமடைக்காரி புத்தி போகுமா என்பாள்.

வானதி பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர், சில வருஷம் வந்தே சேராத ஊர். தண்ணியைக் கண்டால் விடமாட்டாள், சோற்றைக் கண்டால் விடமாட்டாள் என்று கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேலி. முதலில் வானதியும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பிரேயரில் எழில்மொழி மயங்கி விழுந்தாள்.

டீச்சர் போன் பண்ணினார். வானதி போட்டிருந்த புடவையோடு ஓடினாள். பிள்ளையைச் சுற்றிக் கூட்டம். யாரோ ஒருத்தி சோடா வாங்கி வரச் சொல்ல, யாரோ ஒரு பையன், உனக்கு ஒரு சிப்பமா ரெண்டு சிப்பமா என்று தினமும் கேட்கிறவன், அன்றைக்கும் அதையே கேட்டுவிட்டுச் சிரித்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சரி, பிள்ளைகள் வாய்க்கு அதை ஊட்டிவிட்டது யார்? வானதி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராகத் தஞ்சாவூர் பஸ் ஏறினாள்.

குழந்தைகள் டாக்டர் ஃபஹ்மிதா சின்ன வயசுக்காரர். வானதி உள்ளே போகும்போதே மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனாள். இதுவரை எத்தனை டாக்டர் பார்த்தாயிற்று. எல்லாரும் பிள்ளையை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னம்மா போடறீங்க இவளுக்கு என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவரும் அதையே கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் பிள்ளையிடம் என்ன படிக்கிறாய், யார் சிநேகிதி என்று பேசினார். ரத்தம் எடுக்க நர்ஸோடு பக்கத்து அறைக்கு அனுப்பினார். கதவு மூடின பிறகு வானதி பக்கம் திரும்பினார்.

"பொறந்தப்ப எவ்வளவு எடைம்மா?"

"ஒண்ணே முக்கால் கிலோ."

"குறைமாசமா?"

"இல்லீங்க. மாசம் முடிஞ்சுதான் பொறந்தா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க மாசமா இருந்தப்ப என்ன சாப்பிட்டீங்க?"

பத்து வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. வானதிக்கு வந்தது பதில் இல்லை, பசி. அந்தப் பசி அப்படியே நாக்குக்கு வந்தது.

பிரகதாம்பாள் கொடுத்த சாப்பாடுதான். வயிற்றில் பிள்ளை பருத்தால் பிரசவம் ஆகாது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்று ஐந்தாம் மாசத்திலிருந்து தட்டைச் சுருக்கிவிட்டாள். ராத்திரிக்கு ஒரு இட்லி, மேலே வெந்நீர். வாழைப்பழம் கூடாது, பிள்ளைக்குச் சளி. முட்டை கூடாது, பிள்ளை பெருக்கும். நர்ஸம்மா கொடுத்த சத்து மாத்திரை செம்பருத்திச் செடிக்குப் போயிற்று. எடை ஏறவில்லையே என்று நர்ஸம்மா திட்டினபோது, எங்க வீட்டு உடம்பு வாகே ஒல்லிதாங்க என்று பிரகதாம்பாளே பதில் சொல்லி அனுப்பினாள். ராத்திரியெல்லாம் வயிறு காந்தும். பக்கத்து அறையில் பத்தாயம் நிறைய நெல். கர்ப்பிணி அந்த வாசனையை மோந்துகொண்டு படுத்திருந்தாள்.

ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வானதியிடம் பதில் இருந்தது. பிரகதாம்பாளுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை. நாலு கிலோ. வலி எடுத்து இழுத்து இழுத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் தலை சிக்கிப் பிள்ளை போய்விட்டது. அதோடு அவளுக்கு வயிறும் போயிற்று, வாழ்க்கையும் போயிற்று. அந்தக் கதையைச் சொல்லி அழுதுகொண்டேதான் தட்டிலிருந்து இரண்டாவது இட்லியை எடுப்பாள். அழுகிறவள் கையைத் தட்டிவிட இருபத்திரண்டு வயசு வானதிக்குத் தெரியவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு பால் பவுடரும் நெய்யுமாக ஊற்றினது வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார். தாய் தகப்பன் கொடுக்கிற ஜீன் மாறுவதில்லை. ஆனால் அந்த ஜீன்கள் மேல் சுவிட்சு மாதிரி சில அடையாளங்கள் உண்டு, எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்று அவை தீர்மானிக்கும். வயிற்றில் இருக்கும்போதே சத்து வரவில்லை என்றால், வெளியே பஞ்சம் என்று அந்தச் சின்ன உடம்பு நினைத்துக்கொள்ளும். கிடைக்கிறதைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கிற மாதிரி சுவிட்சுகளைப் போட்டுக்கொண்டு பிறக்கும். வெளியே வந்து பார்த்தால் பஞ்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் சுவிட்சு போட்டது போட்டதுதான். இதற்கு எபிஜெனெடிக்ஸ் என்று பேர்.

"இந்த ஒரு பிள்ளைக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. பல காரணத்துல இது ஒண்ணா இருக்கலாம். பொறந்ததுக்கு அப்புறம் அவசரமா எடை ஏத்தினது இன்னொண்ணு. ஆனா ஒண்ணு நிச்சயம். இது இவ பேராசை இல்ல, உங்க கொழுப்பும் இல்ல. இப்ப மறுபடி பட்டினி போட்டீங்கன்னா, பஞ்சம் வந்துடுச்சுன்னு அந்த உடம்பு இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும்."

பட்டினி வேண்டாம், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு, பருப்பும் காயும் கீரையும் முட்டையும் கூட்டி, கூல்டிரிங்கும் பாக்கெட்டும் நிறுத்தி, சாயங்காலம் ஓடியாட விட்டு, நேரத்துக்குத் தூங்க வைத்தால் போதும் என்றார். வளருகிற பிள்ளை, உயரம் எடையைப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக, பிள்ளை முன்னால் யாரும் அவள் உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது என்றார். வானதி சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கோயில் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் பிள்ளை மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே அறுப்பு முடிந்த வயல்கள். கடைமடைக்காரி, கடைமடைக்காரி என்று எத்தனை தரம் கேட்டிருப்பாள். கடைமடையில் முறைத் தண்ணீர் வந்தால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த முறை எப்போது வருமோ என்ற பயத்தில் வரப்பு உடைகிற வரை வயலில் கட்டி நிறுத்துவார்கள், ஒரு சொட்டு வெளியே விடமாட்டார்கள். தன் மகளின் உடம்பும் அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நினைத்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லாமல் போன வயல் இல்லை இது. வாய்க்கால் தலைப்பில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி மடையை அடைத்த வயல். வானதி அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது பிரகதாம்பாள் அடுப்பு மேடையில் எலக்ட்ரிக் தராசை வைத்து, அதன் மேல் எழில்மொழியின் தட்டை வைத்து, கரண்டியால் சோற்றை எடுத்துப் போட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கூடிவிட்டது போல, ஒரு வாய்ச் சோற்றைத் திரும்ப எடுத்தாள்.

அந்த ஒரு வாய்ச் சோறுதான் வினையாயிற்று. வானதி தராசின் மேலிருந்த தட்டை எடுத்தாள். குண்டானில் கைவிட்டு அள்ளிப் போட்டாள், பருப்பு ஊற்றினாள், கீரையை வைத்தாள். கூடத்தில் கொண்டுபோய்ப் பிள்ளை முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிரகதாம்பாள் கரண்டியோடு நின்றாள். ராஜ்குமார் சத்தம் கேட்டு வாசலிலிருந்து உள்ளே வந்தான்.

"நான் மாசமா இருந்தப்ப என் தட்டுலேருந்து இட்லிய எடுத்தது இந்தக் கை," என்றாள் வானதி. சத்தம் போடவில்லை. "அவ பொறந்ததும் எலும்பா இருக்காளேன்னு பால் பவுடரையும் நெய்யையும் மாத்தி மாத்தி ஊத்துனதும் இந்தக் கைதான். இப்ப தராசு பிடிக்கிறதும் இதே கை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினது போதும் அண்ணி. இனிமே அவ தட்டுக்கிட்ட வராதீங்க."

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். பிரகதாம்பாள் நம்பவில்லை. வயிற்றில் இருக்கும்போது தின்னாததற்குப் பிள்ளை இப்போது ஊதுமாம், இது எந்த ஊர்க் கதை, சுரை விதைத்தால் அவரை முளைக்குமா என்றாள். வானதி விடவில்லை. அன்றைய பசியை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் போட்டாள். மோந்து படுத்திருந்த நெல் வாசனை வரைக்கும் சொன்னாள். பிரகதாம்பாள் கரண்டியைக் குண்டானில் போட்டாள்.

"நாலு கிலோ இருந்துச்சு என் பிள்ளை," என்றாள். "ராஜா மாதிரி. அந்த எடைதான் அதுக்கு எமனாச்சு. அதைப் பாத்துட்டு வந்தவ நான். உன்னையும் வாரிக் குடுக்கச் சொல்றியா? நீ உசிரோட எந்திரிக்கணும்னுதானே செஞ்சேன்?"

இதற்கு முன்னாலெல்லாம் இந்த இடத்தில் வானதி அழுதுவிடுவாள். அன்றைக்கும் நெஞ்சு ஒரு கணம் இளகியதுதான். பயம் பொய்யில்லை, அவள் பட்டதும் பொய்யில்லை. ஆனால் பயந்தவள் ஒருத்தி, பட்டினி கிடந்தவள் ஒருத்தி, இரண்டையும் சேர்த்து உடம்பில் சுமப்பவள் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளை. அவளிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? வானதி தராசை எடுத்துப் பரணில் ஏற்றினாள்.

கோயில் காரியம் நடக்கக்கூடாது என்று புருஷனிடம் சொன்னாள். ராஜ்குமார் கெட்டவன் இல்லை. ஆனால் இரண்டு பொம்பளைகள் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும் அடி விழும் என்று நடுவில் நின்றே பழகினவன். டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், பட்டினி வேண்டாம், ஆனால் வேண்டுதல் வேண்டுதல்தானே என்றான். கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி ஊரெல்லாம் சொல்லியாயிற்று, பூசாரிக்குச் சொல்லியாயிற்று, நெல்லும் தூற்றி வைத்தாயிற்று. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து எழுந்திருப்பதில் பிள்ளைக்கு என்ன தேய்ந்துவிடப் போகிறது என்று கேட்டான். அப்படியானால் நீங்களே போய் உட்காருங்கள் என்றாள் வானதி. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரகதாம்பாள் புதுப் பட்டுப்பாவாடையைக் கொண்டுவந்து பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தாள். இடுப்புக் கொக்கி எட்டவில்லை. ஊக்கு குத்தினார்கள். பிரகதாம்பாள் அந்தப் பக்கம் போனதும் எழில்மொழி தாயிடம் வந்து, கேட்கலாமா வேண்டாமா என்று நின்றாள்.

"அம்மா, தராசு என்னைத் தாங்குமா?"

வானதிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு, நீ அதில் ஏறமாட்டாய், சத்தியம் என்றாள். எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது. யோசித்துப் பார்த்தாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விடலாம்தான். போனால், பயந்துகொண்டு ஓடிவிட்டார்கள், பிள்ளை அவ்வளவு கனம் போலிருக்கிறது என்று அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து குளித்ததும் பரணிலிருந்து எலக்ட்ரிக் தராசை இறக்கினாள். பத்தாயத்தைத் திறந்தாள்.

கோயிலில் கூட்டம் அவள் நினைத்ததற்கு மேல் இருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் பாதி, வேடிக்கைக் கூட்டம் பாதி. மண்டபத்து விட்டத்தில் இரும்புச் சங்கிலியில் பழைய பெரிய தராசு தொங்கியது. ஒரு தட்டில் மஞ்சள் துணி விரித்து மாலை சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு சிப்பம் புது நெல், போதாமல் போனால் என்று இன்னொன்றும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தூண்களில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சிப்பங்களைப் பார்த்து ஒருவன் விரலை நீட்டி எண்ணிக் காட்டினான்.

பூசாரி தீபம் காட்டிவிட்டுப் பிள்ளையை அழைத்து வரச் சொன்னார். பிரகதாம்பாள் எழில்மொழியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிள்ளை இன்னொரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டாள். வா கண்ணு, அம்மன் பாத்துக்குவா, இன்னியோட உனக்குக் கஷ்டம் விட்டுச்சு என்று பிரகதாம்பாள் கெஞ்சிக்கொண்டே இழுத்தாள். ஊக்கு தெறித்தது. பாவாடையை ஒரு கையால் பிடிக்க வேண்டியதாகிவிட்டது பிள்ளைக்கு, தூணை விட்டுவிட்டாள். யாரோ சிரித்தார்கள்.

வானதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. நேராகத் தராசுக்குப் போய், மாலை சுற்றின தட்டில், பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில், அந்தப் பையை வைத்தாள்.

தட்டு அசையக்கூட இல்லை. அவ்வளவு பெரிய துருப்பிடித்த இரும்புத் தராசு அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என்னம்மா இது என்றார் பூசாரி.

"நெல்லுங்க. ஒண்ணே முக்கால் கிலோ," என்றாள் வானதி. "வேண்டிக்கிட்ட அன்னைக்கு என் பொண்ணு இவ்வளவுதான் இருந்தா. அம்மன் காப்பாத்திக் குடுத்தது இவ்வளவுதான். எடைக்கு எடை சரியா இருக்கு, எடுத்துக்குங்க."

ராஜ்குமார் ஓரடி முன்னால் வந்தான், பையைப் பார்த்தான், அங்கேயே நின்றான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையை அவன் வீடியோ காலில் பார்த்து அழுத நாள் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிரகதாம்பாள் மட்டும் பிடித்த கையை விடவில்லை.

"அப்ப மீதி?" என்றாள். "மீதிய யாரு குடுக்கிறது?"

"மீதி அவ உடம்பு அண்ணி. நாம பட்டினி போட்டதும், நாம திணிச்சதும் அதுல இருக்கு. அதை யாரும் யாருக்கும் நேந்துக்கல. கைய விடுங்க."

பூசாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டிக்கொண்டவர் சம்மதித்தால் அம்மனுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். பிரகதாம்பாள் அந்தப் பையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பிள்ளையின் நாலு கிலோவை நினைத்தாளோ, இந்தப் பிள்ளையின் ஒண்ணே முக்கால் கிலோவை நினைத்தாளோ, யாருக்குத் தெரியும். கை தன்னால் விட்டது. சம்மதம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. பூசாரி பையை எடுத்து அம்மன் காலடியில் கொட்டினார்.

வேடிக்கை முடிந்ததென்று கூட்டம் கலைந்து சர்க்கரைப் பொங்கல் வாங்க வரிசைக்குப் போனது. வானதி தன் முந்தானை ஊக்கைக் கழற்றிப் பிள்ளையின் பாவாடையில் குத்தினாள். நீ போய்ப் பொங்கல் வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டு, சிப்பங்களை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பச் சொல்லிப் புருஷனிடம் சொன்னாள். அவன் மூட்டையைத் தோளில் ஏற்றினான். பிரகதாம்பாள் தராசடியில் உட்கார்ந்துவிட்டாள். வானதி அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கோபம் ஆறிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பொங்கல் வரிசையில் பிள்ளை இல்லை. வானதி கோயிலைச் சுற்றி வந்தாள். பின்பக்கம், மதில் சுவரை ஒட்டி, தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் எழில்மொழி. முதுகை வளைத்து, யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகம் வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் தொன்னையை மடிக்குள் மறைத்தாள்.

இவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வானதிக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்து, உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகத் திருப்பினாள். எதிரே பிரகாரம், பொங்கல் வரிசை, தூணிலிருந்து இறங்கி வந்த பையன்கள், தராசடியில் பிரகதாம்பாள், மூட்டை தூக்குகிற அப்பா, ஊர் மொத்தமும் தெரிந்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

வானதி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மடியிலிருந்த தொன்னையை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

"இப்படி உக்காந்து சாப்பிடு. மெதுவா."

எழில்மொழி தாயைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு ஒரு வாய் எடுத்து, எல்லாரும் பார்க்க, மென்று தின்றாள்.